சிற்றளவில் 2சிவி: எது மெய்யான நகல்?

கார் மாதிரிகளை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறோம்: அசலைப் போல இருக்கிறதா? பிரான்சின் சிக்கன கார்களுக்கு இந்தக் கேள்வி போதாது. ஒவ்வொரு காருக்கும் பெருமை தேடித்தந்த குணம் எதுவோ, அது உருவம் சுருங்கிய பின்னும் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

1948 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் 2சிவியின் குணம் இலேசு. இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிறுவனத் தலைவர் பியர் பூலான்ஜே வகுத்த இலக்கு. தொடக்க கால 375 சி.சி. எஞ்சின் தந்ததோ 9 குதிரைத்திறன். எனவே எடையில்தான் கைவைத்தார்கள். மெல்லிய தகடு விறைப்பாக நிற்க பானட்டில் வரிவரியான மடிப்புகள், தலைக்கு மேல் சுருட்டி வைக்கும் துணி, குழாய்ச் சட்ட இருக்கைகள். மொத்தம் ஏறத்தாழ 500 கிலோ.

இதை 1/43 அளவுக்குச் சுருக்கினால் நீளம் 43 மடங்கு குறையும். எடையோ, நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், 79,507 மடங்கு குறைய வேண்டும். அதாவது, நியாயமான மாதிரியின் எடை 6 கிராமைச் சற்றே தாண்டலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த மாதிரி இதற்கு அருகில்கூட வராது. அதன் சுவர் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றாலே, அசலில் அது 43 மில்லிமீட்டர் கனமுள்ள கதவுக்குச் சமம்.

மாதிரியை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லையே என்று மறுக்கலாம். ஆனால் கனம் கண்ணுக்கும் தெரியும். சன்னல் தூண்கள் தடிக்கின்றன, பானட்டின் மடிப்புகள் மழுங்குகின்றன, துணிக்கூரை உலோகக் கூரையாகிறது. 1950-களில் டிங்கி பொம்மை நிறுவனம் பிரான்சில் செய்த உலோக 2சிவியில் இவை எல்லாம் உண்டு. ஆனால் அது குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடச் செய்தது. உறுதியே அதன் கடமை, அதைக் குறைவின்றிச் செய்தது. நகல் என்று பார்த்தால்தான் பின்தங்குகிறது.

அதே காலத்தில் லியோன் அருகே வில்லர்பான் நகரில் நோரெவ் நிறுவனம் பிளாஸ்டிக்கில் கார்கள் செய்தது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருந்ததால் பெயின்ட் தேவைப்படவில்லை. எடையும் விலையும் ஒருங்கே குறைந்தன. 2சிவியை உருவாக்கிய சிந்தனையும் இதுதான். அந்த பிளாஸ்டிக் நாளடைவில் நெளிந்து உருக்குலைவது பெருங்குறை. ஆயினும் அது பொருளின் தோல்வி, அணுகுமுறையின் தோல்வி அல்ல.

1961-ல் வந்த ரெனோ 4-ஐ இதே அளவுகோலால் அளப்பது முறையாகாது. தட்டையான தளமும் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் சேர்ந்து தரும் இடவசதியே அதன் சிறப்பு. பின்கதவு திறக்குமானால் கனமான வார்ப்பு மாதிரியும் அதை நேர்மையாகக் காட்டிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: ரெனோ 4-க்குத் திறக்கும் பின்கதவுள்ள உலோக மாதிரி. 2சிவிக்கு மெல்லிய பிளாஸ்டிக் அல்லது ரெசின் உடலும், அரித்தெடுத்த நுண்தகட்டுப் பாகங்களும் கொண்ட மாதிரி. கையில் கனக்கும் 2சிவி எவ்வளவு பளபளத்தாலும் நகல் என்ற வகையில் இரண்டாம் இடத்துக்கே உரியது.