அனுப்பிய நோயாளி என்ன ஆனார்?

டாக்டர்களின் தொடர் கல்விக்கு நம் நாட்டில் இருக்கும் விதி ரொம்பச் சின்னது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி, ஒரு டாக்டர் ஐந்து வருஷத்துக்குள் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் சி.எம்.இ. என்று சொல்வது இதைத்தான். வருஷத்துக்கு ஆறு மணி நேரம், அவ்வளவுதான். என்ன பாடம் என்று விதி கேட்பதில்லை. படித்த பிறகு அவர் வேலையில் என்ன மாறியது என்றும் கேட்பதில்லை. உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணிக்கொள்கிறது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஸ்பெஷலிஸ்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. தன் துறை மாநாட்டுக்குப் போவார், தன் துறை விஷயத்தைக் கேட்பார். சிக்கல், ராத்திரி டூட்டியில் தனியாக இருக்கும் பொது மருத்துவருக்குத்தான். அவருக்கு எந்தத் துறையும் சொந்தமில்லை. கதவைத் திறந்துகொண்டு யார் வருகிறாரோ, அதுதான் அந்த நேரத்துக்கு அவர் துறை.

திருவண்ணாமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். 14 கிலோமீட்டர், பாதிப் பேர் வெறுங்காலோடு, பெரும்பாலும் ராத்திரியில். சர்க்கரையும் பி.பி.யும் உள்ள பெரியவர்கள் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஊரைத் தாண்டினால் நெல், மணிலா, கரும்பு; மேற்கே போனால் ஜவ்வாது மலை. ஆக, நெஞ்சுவலி, பாம்புக்கடி, பூச்சிமருந்து மூன்றுமே இங்கே அன்றாடம் எதிர்பார்க்க வேண்டியவை. நகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-ல்தான் வந்தது. செங்கத்திலோ போளூரிலோ வந்தவாசியிலோ இருப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் டாக்டர் பெரும்பாலும் ஒரு எம்.பி.பி.எஸ். டூட்டி டாக்டர்தான்.

இனி அவருக்குக் கிடைக்கும் பாடத்தைப் பார்ப்போம். வழக்கமான சி.எம்.இ. எப்படி நடக்கும் என்பது டாக்டர் நண்பர் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஹோட்டல் ஹால், பெரிய நகரத்திலிருந்து வந்த நிபுணர், ஸ்லைடுகள், கடைசியில் சாப்பாடு. வருபவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பார்ப்பது, உயிரோடு அவரிடம் வந்து சேர்ந்த நோயாளியை. வழியில் இறந்தவரை அவர் பார்ப்பதே இல்லை. அதனால் பாடமும் பயணத்தின் கடைசி முனையிலிருந்தே தொடங்குகிறது. டூட்டி டாக்டருக்கு வேண்டியதோ முதல் முனை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம், அதாவது வருஷத்துக்கு 58,000 பேர், என்று 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. விஷமுறிவு மருந்தின் கதை தொடங்குவதே நம் பக்கத்தில்தான். வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. மருந்து இருக்கிறது, ஆளும் இருக்கிறார். அப்புறம் எங்கே தவறுகிறது?

கட்டுவிரியன் கடித்தவர் பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்கியவர். வலி தெரியாது, கடிவாயும் கண்ணுக்குப் படாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். கேஸ் ட்ரபிள் என்று ஒரு ஊசி போட்டு அனுப்புவது சுலபம். இமை சரிகிறதா, ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது, படுத்தபடி கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அது கையும் கண்ணும் பழக வேண்டிய வித்தை. விரியன் கடிக்குச் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவை நம்ப முடியாது. மருந்து ஏற்றும் முன் அட்ரினலினை ஊசியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். விஷத்தின் அளவு கடிபட்டவரின் எடையைப் பார்த்துக் குறைவதில்லை என்பதால், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே டோஸ். நஞ்சின் மூலக்கூறு பற்றி நாற்பது ஸ்லைடு பார்ப்பதைவிட இந்த நாலு விஷயத்தைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பது மேல்.

பூச்சிமருந்து விஷயம் இன்னும் தெளிவானது. ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்துக்கு பி.ஏ.எம். என்கிற பிராலிடாக்சைம் கொடுக்கலாமா, வேண்டாமா என்பது மேடைகளுக்குப் பிடித்த விவாதம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த 2006 ஆய்வில், அதிக அளவில் தொடர்ந்து ஏற்றியபோது பலன் தெரிந்தது. இலங்கையில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. விவாதம் நடக்கட்டும். அட்ரோபின் கொடுக்கும் முறையில் இவ்வளவு குழப்பமில்லை. இலங்கையில் வேலை பார்த்த மைக்கேல் எடில்ஸ்டனும் மற்றவர்களும் சொன்ன முறை, முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம், பிறகு நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும் வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முந்தைய அளவைப் போல இரண்டு மடங்கு. வங்கதேசத்தில் இந்த முறையையும், 10–15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசி போடும் பழைய முறையையும் ஒப்பிட்டு 2012-ல் ஒரு சோதனை வெளியானது. பழைய முறையில் இறந்தவர்கள் 22.5 சதவீதம், புதிய முறையில் 8 சதவீதம்.

இதை நம்மூர் 0.6 மில்லிகிராம் ஆம்ப்யூலில் கணக்குப் போடுங்கள். மூன்று, ஆறு, பன்னிரண்டு: பத்தாவது நிமிஷத்திலேயே 21 ஆம்ப்யூல் உடைத்தாகிவிட்டது. முன்பின் செய்திராத டாக்டருக்குக் கை நடுங்கும். ஸ்டாக் பதிவேட்டை நினைத்து நர்சம்மாவும் தயங்குவார். அந்த நர்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இல்லை. டாக்டரின் 30 மணி நேரக் கணக்கு டாக்டருக்கு மட்டும்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை செய்வது ஒரு டாக்டர் அல்ல, ஒரு குழு.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் போட்டுப் பாடம் நடத்துவதில் பயனே இல்லை என்று ஆய்வுகள் சொல்லவில்லை. 81 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2009-ஆம் வருஷத்து காக்ரேன் அலசல், நடைமுறையில் சுமார் 6 சதவீத அளவுக்கு முன்னேற்றம் இருக்கிறது என்றது. வெறும் உரையைவிட, பங்கெடுக்க வைக்கும் வகுப்பும் கலந்தால் பலன் கூடுகிறது. ஆனால் சிக்கலான செயல்முறைகளை மாற்ற இந்தக் கூட்டங்கள் போதவில்லை என்றும் அதே அலசல் சொல்கிறது. அவசர சிகிச்சை முழுக்க சிக்கலான செயல்முறைதானே?

கூட்டத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாரடைப்புக்காக இங்கே நடந்த ஸ்டெமி திட்டத்தில், சிறிய ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். நான்கு தொகுதிகள், 2,420 நோயாளிகள். முடிவு 2017-ல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் நேர்ந்த மரணத்தில் பெரிய மாற்றமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே பயிற்சி தனியாக வரவில்லை. ஈ.சி.ஜி.யும் ஆம்புலன்ஸும் மறுமுனையில் பதில் சொல்லும் ஆஸ்பத்திரியும் அதோடு சேர்ந்து வந்தன. படித்ததை அன்றைக்கே செய்ய வழி இருந்தது.

பொது மருத்துவர்களின் படிப்பு என்றால் வேலூர் சி.எம்.சி.யைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006-லிருந்து அவர்கள் நடத்தும் குடும்ப மருத்துவத் தொலைதூரப் படிப்பின் பெரிய பலம், டாக்டர் தன் ஊரை விட்டுப் போகாமலே படிக்கலாம் என்பது. குறைவாக அனுப்பு, நீயே அதிகம் தீர்த்துவை என்பது அதன் கொள்கை. புறநோயாளிப் பிரிவுக்கு நல்ல கொள்கைதான். அவசர சிகிச்சைக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது என்பது என் எண்ணம். அங்கே திறமை என்பது குறைவாக அனுப்புவதில் இல்லை. யாரை, எப்போது, என்ன செய்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று தெரிவதில்தான் இருக்கிறது.

அதைக் கற்றுக்கொள்ளும் வழியைத்தான் நம் ஏற்பாடு அடைத்து வைத்திருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து 108-ல் ஏற்றி அனுப்பியவர் பிழைத்தாரா, இல்லையா என்பது அனுப்பிய டாக்டருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. எலி பேஸ்ட் தின்று வருபவரை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்ட் என்றால் முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருப்பார், எழுந்து நடப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான். நம்பி டிஸ்சார்ஜ் செய்தவர் ஐந்தாம் நாள் வேறொரு ஊரில் இறந்துபோனால், டிஸ்சார்ஜ் செய்த டாக்டரின் மனதில் அவர் குணமாகிப் போனவர். அடுத்த ஆளையும் அதே மாதிரிதான் அனுப்புவார். முந்நூறு மணி நேரம் சி.எம்.இ. போனாலும் இந்த ஓட்டை அடைபடாது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தனக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு அவசர நோயாளி பற்றியும் அனுப்பிய டாக்டருக்கு இரண்டு வரி எழுதட்டும்: என்ன நோய், என்ன ஆனார். மாதம் ஒருநாள் அந்த மாவட்டத்து டூட்டி டாக்டர்களும் நர்சுகளும் உட்கார்ந்து, யார் மீதும் பழி போடாமல், அதில் நாலு கேஸைப் பேசட்டும். அந்த நேரத்தை 30 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். பாடத்திட்டத்தை யாரும் சென்னையிலோ டெல்லியிலோ எழுத வேண்டாம். அந்த மாதம் வந்தவர்களே எழுதிவிடுவார்கள்.

பணம் பற்றிய கேள்வியும் இங்கேதான் தீரும். மருந்துக் கம்பெனி பணத்தில் நடக்கும் கல்வியில் டாக்டர்கள் பங்கேற்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2-ல் விதி கொண்டுவந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. கம்பெனி பணம் வேண்டாம் என்பது சரியான பேச்சு. ஆனால் அதற்குப் பதில் யார் தருவது, படிக்கப் போகும் டாக்டரின் டூட்டியை அன்றைக்கு யார் பார்ப்பது என்பதற்கு விடை இல்லாமல் அந்த விதி நிற்காது. கட்டுவிரியனுக்கோ அட்ரோபினுக்கோ ஹோட்டல் ஹால் பிடித்துக்கொடுப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. மாதம் ஒரு மதியம் மாற்று டாக்டர் ஒருவரை அரசே போட்டால், ஹோட்டல் ஹால் தேவைப்படாது.

டாக்டர் அல்லாதவர்கள் இதை ஏன் படிக்க வேண்டும்? அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் அப்பா கிரிவலம் கிளம்பலாம். அடிஅண்ணாமலை பக்கத்தில் அவருக்கு நெஞ்சு கனத்தால், முதலில் தொட்டுப் பார்க்கப்போவது யாரோ ஒரு டூட்டி டாக்டர். அவர் எத்தனை மணி நேரம் ஹாலில் உட்கார்ந்தார் என்பது சர்டிபிகேட்டில் இருக்கும். போன மாதம் அவர் அனுப்பிவைத்த நெஞ்சுவலிக்காரர் என்ன ஆனார் என்று அவருக்குத் தெரியுமா? நம் மாவட்ட சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.