இருபது மூங்கில்

மூங்கிலுக்குப் பிரடை கிடையாது. வீணையோ தம்புராவோ என்றால் திருகிச் சுருதி சேர்த்துவிடலாம். புல்லாங்குழலின் சுருதி துளை போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. அப்படிப்பட்ட இருபது குழல்கள் ஒரே மேடையில் சேர்ந்தால்?

எங்கள் பேட்டைக் கோயில் மண்டபத்தில் ஒரு மார்கழி மாலை பார்த்தேன். கச்சேரி வித்வான்கள் மூவர்; அவர்களுக்கு இடையிடையே மாணவர்கள், பாவாடை சட்டைச் சிறுமி முதல் பென்ஷன் வாங்கும் மாமா வரை. தொடங்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரும் சும்மா ஊதினார்கள். பந்தா இல்லை. பனியில் குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும், மூச்சின் சூடு ஏறினால்தான் மேலே வரும். மிச்சத்தை உதடு பார்த்துக்கொள்ளும். குழலை இம்மி உருட்டினால் போதும்.

முதலில் ‘வாதாபி கணபதிம்’. அதன் ராகமான ஹம்சத்வனிக்கு ஐந்தே ஸ்வரம்தான், ஆனால் நிஷாதத்தில் இருபது பேரும் ஒன்றாக நிற்பது லேசில்லை. ஒரு பையனின் குழல் சற்றே தாழ்ந்தது. பக்கத்து வித்வான் திரும்பவில்லை, முறைக்கவில்லை. தன் வாசிப்பைக் கொஞ்சம் அழுத்தினார். பையன் அதைக் காதில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தான்.

சரப சாஸ்திரி, மாலி என்று தனிக்குழலின் பெருமைதான் நமக்குப் பழக்கம். கமக நுணுக்கம் தேடுகிறவர்களுக்குக் கூட்டு வாசிப்பு கொஞ்சம் தட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். இருபது பேர் துளையை ஒரே மாதிரி அரை மூடி வழுக்க முடியுமா? ஆனால் சங்கதிகள் ஏறும்போது, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதே, குழலோசையைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

கைதட்டல் ஓயுமுன் அந்தச் சிறுமி குழலை உதறி, பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.