ஆட்டோ இக்னிஷன் அடுப்பு: பற்றாதபோது என்ன செய்கிறது?

கடையில் ஆட்டோ இக்னிஷன் அடுப்பைக் காட்டும்போது பெரும்பாலும் அதில் சிலிண்டர் இணைத்திருக்க மாட்டார்கள். விற்பனையாளர் நாபை அழுத்தித் திருப்புவார், டிக் டிக் என்று பொறி பறக்கும், "இனி லைட்டரே தேட வேண்டாம்" என்பார். வாங்குபவரும் கண்ணாடியின் நிறம், பர்னரின் எண்ணிக்கை, பித்தளையா அலாயா என்றெல்லாம் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லிவிடுவார். கொஞ்ச நாள் போனால் அதே வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய லைட்டர் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். "ஆட்டோ எல்லாம் வாங்கின புதுசுலதான்" என்ற பேச்சும் கூடவே வரும். இந்தப் புகாரில் பாதிதான் உண்மை. பொறி நின்றுபோவது பல வீடுகளில் ஒரு துணியும் ஒரு புது பேட்டரியும் இருந்தால் சரியாகிவிடுகிற விஷயம். அதற்காக அடுப்பை மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பொறி வராத அந்த வேளையில், திறந்த வால்வு வழியே கேஸ் வந்துகொண்டே இருக்கிறதா, நிற்கிறதா என்பது அப்படி ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் இல்லை. பற்றவைக்கும் அமைப்பு நல்லதா கெட்டதா என்பதை அந்தக் கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் கிடைக்கும் ஆட்டோ இக்னிஷன் அடுப்புகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதலாவது பீசோ வகை. நாபைத் திருப்பும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகி, சட்டென்று விடுபட்டு, ஒரு சிறு சுத்தியலைப் படிகத்தின் மேல் அடிக்கிறது. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகங்களை க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். அந்தத் தத்துவம்தான் கை லைட்டரிலும் இருக்கிறது, இந்த நாபிலும் இருக்கிறது. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் ஒரு திருப்புக்கு ஒரே ஒரு பொறி. அந்த நொடியில் கேஸ் பர்னரின் ஓட்டைக்கு வந்து சேர்ந்திருக்காவிட்டால் அந்தப் பொறி வீண். முதல் திருப்பில் பற்றாமல் இரண்டாவதில் பற்றுவது இந்த வகையின் இயல்பு, கோளாறு அல்ல. இரண்டாவது பேட்டரி வகை. 1.5 வோல்ட் செல் ஒன்று, அந்த மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் ஒரு சிறு மாட்யூல், ஒவ்வொரு நாபின் கீழும் ஒரு சுவிட்ச். நாபை அழுத்தியிருக்கும் வரை பொறி தொடர்ந்து வரும். பெரும்பாலான மாடல்களில் ஒரு நாபை அழுத்தினாலும் எல்லா பர்னரிலும் பொறி பறக்கும். பற்ற வைக்கும் திறமையை மட்டும் பார்த்தால் பேட்டரி வகையே மேல், ஏனென்றால் கேஸ் வந்து சேரும்வரை அது காத்திருக்கிறது.

பற்றவில்லை என்றதும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று: கை லைட்டரால் பற்றவைத்துப் பாருங்கள். உடனே முழுவட்டமாக நீலத் தீ வந்தால் கேஸ் பக்கத்தில் குறை இல்லை, பொறிப் பக்கத்தில்தான் சிக்கல். லைட்டருக்கும் திணறினால் பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தது, எல்லா பர்னரிலும் பிரச்சினையா, ஒன்றில் மட்டுமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பொறி செத்திருந்தால் பேட்டரி, அதன் முனையில் படிந்த பச்சைக் களிம்பு, கடைசியாக மாட்யூல் என்ற வரிசையில் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் என்றால் மாட்யூல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். அந்த பர்னரின் பொறி முனை, அதற்குப் போகும் ஒயர் இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. நாபை விட்ட பிறகும் டிக் டிக் சத்தம் நிற்கவில்லை என்றால், ஏதோ ஒரு நாபின் கீழ் இருக்கும் சுவிட்சில் தண்ணீரோ எண்ணெயோ இறங்கியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்தால், "மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும்" என்று யாராவது சொல்லும்போது, "மத்த பர்னர்ல பொறி வருதே?" என்று திருப்பிக் கேட்க முடியும்.

பொறி முனையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நம் சமையலுக்கும் இந்தக் கோளாறுக்கும் உள்ள உறவு புரியும். பர்னருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் உறையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தலைநீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனிக்கும் பர்னருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. பொறி தாண்ட வேண்டியது அந்த இடைவெளியைத்தான். சோறு பொங்கி வழியும்போது கஞ்சி பீங்கானின் மேல் ஓடிக் காய்ந்து, மங்கலான ஒரு படலமாக ஒட்டிக்கொள்கிறது. உப்பும் மாவும் கலந்த அந்தப் படலம் காய்ந்திருக்கும்வரை தொல்லை தராது. ராத்திரி ஈரத் துணியால் அடுப்பைத் துடைத்துவிட்டுப் படுத்தால், காலையில் அதே படலம் மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும். பொறி காற்றைத் தாண்டாமல் பீங்கான் மேலேயே வழிந்து அடுப்பின் உடம்புக்குள் இறங்கிவிடும். காலையில் மக்கர் செய்து மதியம் ஒழுங்காகப் பற்றுகிற அடுப்புக்கு இதுதான் காரணம். கேஸ் ரெகுலேட்டரை மூடி, பர்னரில் மிச்சம் இருக்கும் கேஸ் கலைந்த பிறகு, சமையலறையை இருட்டாக்கி நாபை அழுத்திப் பாருங்கள். நுனியில் பளிச்சென்று நீலவெள்ளைப் பொறி தெரிய வேண்டும். அது பீங்கானின் நடுவிலிருந்தோ அடியிலிருந்தோ கிளம்பினால் அங்கே அழுக்கோ விரிசலோ இருக்கிறது. அழுக்கு என்றால் அடுப்பு ஆறிய பின் பழைய டூத்பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டால் போதும். விரிசல் என்றால் முனையை மாற்றியாக வேண்டும். கம்பியை வளைத்து இடைவெளியைச் சரிசெய்யப் போனால் பீங்கான் உடையும், ஜாக்கிரதை.

பொறி நன்றாக வந்தும் தீ வராததற்குக் காரணம் கேஸ் பக்கம் இருக்கிறது. பொறி முனைக்கு நேர் எதிரே இருக்கும் பர்னர் ஓட்டைகள் அடைத்திருந்தால், மற்ற எல்லா ஓட்டைகளும் திறந்திருந்தாலும் பற்றாது. கழுவிய பர்னர் மூடியைச் சாய்வாக வைத்தாலும், உள்ளே ஈரம் இருந்தாலும் இதே கதைதான். இங்கே எரியும் கேஸுக்கு ஓர் அளவு உண்டு. சமையல் எரிவாயு காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எவ்வளவு வலுவான பொறி வந்தும் பலன் இல்லை. குழாய்வழி இயற்கை எரிவாயு இணைப்புக்கு மாறும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேஸை பர்னருக்குள் விடும் ஜெட்டின் துளை சிலிண்டர் கேஸுக்குச் சிறியது, இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய துளை வேண்டும். ஜெட்டை மாற்றாமல் பழைய அடுப்பையே இணைத்தால் தீ சோர்ந்து எரியும், பற்றவும் அடம்பிடிக்கும். ஊசியால் துளையைப் பெரிதாக்குவது இதற்கு மருந்து ஆகாது, ஆபத்தில்தான் முடியும்.

இனி மூலக் கேள்விக்கு வரலாம். அமெரிக்கா, கனடாவில் பல வீடுகளில் இருக்கும் கேஸ் ஓவனை ஒப்பிட்டால் நம் அடுப்பில் எது குறைகிறது என்பது தெளிவாகும். அந்த ஓவன்களில் பலவற்றில் பொறி கிடையாது. சிலிக்கன் கார்பைடு தண்டு ஒன்று மின்சாரத்தில் செக்கச்செவேலென்று பழுத்து கேஸைப் பற்றவைக்கிறது. அந்தத் தண்டும் கேஸ் வால்வும் ஒரே மின்பாதையில் தொடராக இணைந்திருக்கின்றன. தண்டு வழியே சுமார் 3 ஆம்பியர் ஓடினால்தான் வால்வே திறக்கும். தண்டு பழசாகி வலு குறைந்தால் பார்வைக்கு நன்றாகவே ஒளிரும், ஆனால் வால்வு திறக்காது, ஓவனும் சூடாகாது. "தண்டுதான் எரியுதே, அப்போ வால்வுதான் கெட்டிருக்கும்" என்று நினைத்து வால்வை மாற்றிப் பணத்தை விரயம் செய்பவர்கள் உண்டு. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: ஒளிரத் தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆகியும் தீ வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்டைத்தான். எரிச்சல் தரும் கோளாறுதான். ஆனாலும் அந்த வடிவமைப்பில் ஒரு பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது. பற்றவைக்கும் திறன் இல்லாதபோது கேஸ் வருவதே இல்லை. நம் சாதாரண ஆட்டோ அடுப்பில் பொறிக்கும் வால்வுக்கும் இப்படி எந்தத் தொடர்பும் கிடையாது. பொறி செத்தாலும் திறந்த நாப் திறந்தபடியே இருக்கும்.

இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் கருவி. கடையில் இதை எஃப்எஃப்டி என்பார்கள். தீயில் படும்படி நிற்கும் தெர்மோகப்பிள் சூடானதும் சில பத்து மில்லிவோல்ட் மின்சாரம் தருகிறது. ஒரு சிறு மின்காந்தம் வால்வைப் பிடித்து வைத்திருக்க அதுவே போதும். தீ அணைந்தால் தெர்மோகப்பிள் ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பால் பொங்கி அணைத்தாலும் சரி, ஜன்னல் காற்று அணைத்தாலும் சரி, ஆள் இல்லாவிட்டாலும் கேஸ் நிற்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. லைட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்பது முதலாவது. நியாயமான கேள்விதான். பற்றவைக்க மட்டும் என்றால் லைட்டரே போதும். ஆனால் பற்றவைத்த பிறகு அணைந்த தீயைப் பற்றி லைட்டருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது, நாபை ஐந்து பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால் அணைகிறது என்ற அலுப்பு. தெர்மோகப்பிள் சூடாக அந்த நேரம் தேவை. வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்க வேண்டியிருந்தால் அதன் தலையில் கரி படிந்திருக்கும், துடைத்தால் சரியாகும். மூன்றாவது, இதுவும் ஒரு நாள் கெட்டுப்போகுமே என்பது. கெட்டுப்போகலாம். ஆனால் தெர்மோகப்பிள் கெட்டால் அடுப்பு எரிய மறுக்கும், கேஸைத் திறந்து விடாது. சமையல் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஆகவே தீர்ப்பு இது. எஃப்எஃப்டி உள்ள பேட்டரி இக்னிஷன் அடுப்பு, பொறி முனையும் தெர்மோகப்பிளும் தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால், கூடுதல் விலைக்குத் தகுந்தது. எஃப்எஃப்டி இல்லாத ஆட்டோ அடுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குச் சாதாரண அடுப்பும் லைட்டருமே மேல். எந்த அடுப்பானாலும் ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் நாபை மூடி, ஜன்னலைத் திறந்து, ஒரு நிமிடம் கழித்து முயலுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை பலமாக வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், லைட், ஃபேன் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்.