யோபு நூலின் விண்மீன்கள்: தமிழ், மவோரி விவிலியங்களை முன்வைத்து

யோபு நூல் (9:9, 38:31–32) சில விண்மீன் கூட்டங்களைப் பெயர் சுட்டிப் பேசுகிறது. அவற்றைத் தமிழாக்கியோர் தமிழ் வானில் முன்பே குடியிருந்த தொன்மங்களை எதிர்கொள்ள நேர்ந்தது.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், எபிரேயக் ‘கீமா’வை ‘அறுமீன்’ என்கிறது. ‘கார்த்திகை’ என்றிருப்பின் முருகனை வளர்த்த அறுவரும் உடன் வந்திருப்பர். அதனைத் தவிர்க்கவே இச்சொல் கொள்ளப்பட்டது எனக் கருத இடமுண்டு. ஆயினும் அகநானூறு (141) கார்த்திகை விளக்கீட்டைப் பாடுமிடத்து ஆளும் சொல்லும் இதுவே. தொன்மத்தை விலக்கத் தேர்ந்த சொல் விழாவுக்குள்ளேயே கொண்டு சேர்க்கிறது. எனினும் தேர்வு அழகியது.

அடுத்த பெயரில் அவ்வெச்சரிக்கையும் இல்லை. ஓரியன் கூட்டமாகிய ‘கெசீல்’ இங்கு ‘மிருகசீரிஷம்’ ஆகிறது. மிருகசீரிஷமோ ஓரியனின் தலைப்பக்கத்து மங்கிய மூன்று மீன்களே. யோபுவிடம் கேட்கப்படுவது கெசீலின் கட்டுகளைப் பற்றி. கட்டு எனக் கண்ணுக்குப் புலப்படுவது இடைக்கச்சையின் ஒளிமிக்க மூன்று மீன்கள். வடமொழித் தொன்மம் அம்மூன்றையும் மானின் உடலில் தைத்த அம்பாகக் காண்கிறது. ஆகவே கட்டுண்டவன் இருக்க வேண்டிய இடத்தில் எய்யப்பட்ட மான் வந்து நிற்கிறது; ‘கட்டு’ என்னும் சொல் பற்றுக்கோடின்றித் தொங்குகிறது.

மாநாடு கூடும் ஆக்லாந்தின் மண்ணில் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு கிடைத்தது. 1868இல் முழுமையாக வெளிவந்த மவோரி விவிலியம் இவ்விடத்தில் (38:31) ‘மட்டாரிகி’, ‘டவுடோரு’ என்னும் பெயர்களை ஆள்கிறது. டவுடோரு என்பது இடைக்கச்சை மீன்களே. கட்டு அங்கே பொருந்திவிடுகிறது. மட்டாரிகியும் சுமையற்ற பெயரன்று. நடுக்குளிர்காலத்தில் வைகறைக்கு முன் அது எழுவதே மவோரி மக்கள் பலருக்குப் புத்தாண்டு; இறந்தோரை நினைக்கும் பொழுதும் அதுவே. 2022 முதல் அது நியூசிலாந்தின் பொது விடுமுறையும் ஆயிற்று. அச்சுமையோடுதான் அப்பெயர் விவிலியத்துள் புகுந்தது. யோபுவின் பொருள் அதனால் கெடவில்லை.

தாவரப் பெயர்களில் இத்தகைய தயக்கம் குறைவு. சகேயு ஏறிய மரம் ‘காட்டத்தி’ ஆனது நேர்த்தி. எலியா தங்கிய முள்ளில்லா ‘ரோத்தெம்’, முள் நிறைந்த ‘சூரை’ ஆனது பிழை.

எஞ்சுவது ‘ஆயிஷ்’. ஆய்வாளர் பலர் இதனைப் பெருங்கரடிக் கூட்டம் என்பர். ஐக்கியத் திருப்புதல் ‘துருவச்சக்கரம்’ என்கிறது. நற்றிணை (231) தொழுதற்குரியதாகச் சுட்டும் ‘எழுமீன்’ அதே கூட்டந்தான். நற்றிணை அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில். எனவே 1871இல் அச்சொல்லைக் காணாமை குற்றமன்று. பின்வரும் திருத்தப் பதிப்புகளுக்கு அச்சமாதானம் இல்லை.