திட்டமிடாத் தேர்ச்சி: இணையக் கூடைப்பந்தாட்ட விளையாட்டொன்றில் மனித வளர்ச்சியும் ஊதியக் கணக்கும்

2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘பஸர்பீற்றர்’ என்னும் இணையக் கூடைப்பந்தாட்ட விளையாட்டில் ஈடுபடுவோர் எவரும் பந்தைத் தொடுவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு கழகத்தின் முகாமையாளர். வீரரை வாங்குதல், விற்றல், ஊதியம் வழங்குதல், அரங்கை விரிவாக்குதல், பயிற்சி வகுத்தல் ஆகியனவே அவர்தம் தொழில். ஆட்டத்தைக் கணினி ஆடிமுடித்து முடிவை அறிவிக்கும். 1997இல் சுவீடனில் தோன்றிய ‘ஹற்றிக்’ என்னும் உதைபந்தாட்ட முகாமை விளையாட்டின் மரபைச் சார்ந்தது இது. இத்தகையவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், மனிதன் எவ்வாறு வளர்கின்றான் என்பது பற்றிய திட்டவட்டமான கருத்தொன்றை விதிகளாக வகுத்து, பல நாட்டவரையும் அவ்விதிகளுக்குள் ஆண்டுக்கணக்கில் இயங்கவைத்த ஆக்கம் என்றவகையில் அது திறனாய்வுக்கு உரியதே. நாவலொன்றின் உலகநோக்கை அதன் பாத்திரங்களின் வளர்ச்சியிற் காண்பது போல, இவ்விளையாட்டின் உலகநோக்கை அதன் வீரர்களின் வளர்ச்சியிற் காணலாம். அதிலும், எவரும் திட்டமிடாது நிகழும் வளர்ச்சியிலேயே அது தெளிவாகத் துலங்குகின்றது.

வீரனொருவனின் ஆட்டம் முதன்மையான பத்துத் திறன்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நின்ற இடத்தினின்றும் தாவி எறிதல், தொலைவிலிருந்து எறிதல், பந்தைக் கையாளல், ஊடறுத்துச் செல்லல், பரிமாறல், மீள்பந்து கைப்பற்றல், எறிவைத் தடுத்தல் என்பன அவற்றுட் சில. இவை படுமோசம் என்பதிலிருந்து பழங்கதை நாயகனுக்கு ஒப்பானது என்பது வரையிலான சொற்களாற் குறிக்கப்படுகின்றன. முகாமையாளர் வாரமொன்றுக்கு ஒரு பயிற்சியை மட்டுமே தெரிவுசெய்யலாம். அப்பயிற்சிக்குரிய நிலையில் 48 நிமிடங்கள் ஆடியவன் அதன் முழுப்பயனையும் பெறுவான். வேறு நிலையில் ஆடியவனுக்கு அப்பயன் கிட்டாது. இளையோர் விரைந்து கற்பர். குட்டையானோர் பந்தைக் கையாளும் கலைகளையும், நெட்டையானோர் கூடைக்கு அண்மையில் நின்றாடும் கலைகளையும் எளிதிற் கற்பர். பருவமொன்று 14 வாரங்களைக் கொண்டது. ஆகவே 18 வயதில் வந்துசேரும் ஒருவன் எத்தனை பருவங்களில் எந்நிலையை எட்டுவான் என்பதை அனுபவமிக்க முகாமையாளர் முன்கூட்டியே வரைந்துவிடுகின்றார். தோட்டத்துரை கொழுந்தின் நிறையை முன்மதிப்பிடுவதை ஒத்த செயல் இது.

இவ்வளவு கட்டுக்கோப்பான ஒழுங்கினுள்ளும் ஒழுங்குக்குப் புறம்பான ஒன்று நிகழ்கின்றது. ஒரு திறனுக்கென வகுத்த பயிற்சி அதனோடு தொடர்புடைய பிற திறன்களுக்கும் சிறிதளவு கசிகின்றது. அன்றியும், அவ்வாரம் கற்பிக்கப்படாத திறனொன்றில் வீரன் ஒருபடி உயர்ந்திருப்பதும் இடையிடையே காணப்படும். சொற்கள் படிகளை மட்டுமே காட்டுவன. இரு படிகளுக்கிடையே சிறுகச் சிறுகச் சேரும் பின்னங்கள் முகாமையாளரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பல வாரங்களாகச் சேர்ந்தது ஒருநாள் எல்லையைக் கடக்கும்போதே செய்தியாகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் இயங்கியல் விதிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளச் சிலர் விரும்பக்கூடும். அது பொருந்தாது. இங்கு மாறுவது பெயரேயன்றிப் பண்பன்று. நீர் கொதித்து ஆவியாகவில்லை, பாத்திரத்திற் கீறிய கோட்டைத் தொட்டிருக்கின்றது, அவ்வளவே.

இவ்வாறு கேளாது வந்த தேர்ச்சியை முகாமையாளர் எவ்வாறு வரவேற்கின்றார் என்பதே முதன்மையான வினா. அதற்கு விடை ஊதியக் கணக்கில் உள்ளது. வீரரின் ஊதியம் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவர்தம் திறன்களைக் கொண்டு மீளக் கணிக்கப்படுகின்றது. அக்கணிப்பு வீரனை ஆடுகளத்தின் ஏதேனும் ஒரு நிலைக்கு உரியவனாகக் கொண்டே செய்யப்படுவது. கூடையின் கீழ் நிற்கும் ‘சென்ரர்’ ஒருவன் தன் நிலைக்குரிய திறன்களில் உயர்ந்தால் அவன் ஊதியம் விரைந்து ஏறும். பந்து பரிமாறுவதில் அவன் உயர்ந்தால் ஏறுவது சொற்பமே. எனவே எதிர்பாரா வளர்ச்சி இருவகைப்படுகின்றது. ஊதியக் கணக்குக் கண்டுகொள்ளும் திறன் தேவைக்கு மேல் வளருமாயின் அது சுமை. ஊதியக் கணக்குக் கண்டுகொள்ளாத திறன் வளருமாயின் அது பேறு. பந்து பரிமாறத் தெரிந்த நெட்டையன் முகாமையாளரிடையே பெரிதும் விரும்பப்படுவது இக்காரணம் பற்றியே. அவன் ஆடுகளத்தில் இருவரின் வேலையைச் செய்கின்றான். கூலிப் பட்டியலில் ஒருவனாகவே நிற்கின்றான். பருவத்தின் நடுவே உயர்ந்தவனும் அடுத்த பருவம் வரை பழைய ஊதியத்திலேயே ஆடுகின்றான். உபரி மதிப்புக் கோட்பாட்டை இவ்வளவு தெளிவாக விளக்கும் பாடநூல் அரிது. விளையாட்டை ஆக்கியோர் அதனை விளக்க எண்ணியிருக்கமாட்டார்கள் என்பது வேறு.

இதனோடு இணைத்து நோக்கவேண்டியது ‘உள்ளார்ந்த ஆற்றல்’ என்னும் விதி. ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வாங்கில் அமர்ந்திருப்பவன், துணைப்பாத்திரம், முதல் ஐவருள் ஒருவன், நட்சத்திரம், புகழ்மண்டபத்துக்குரியவன் என்றவாறு அதற்கும் பெயர்கள் உள. இவ்வரம்பு தனித்தனித் திறனுக்கன்றித் திறன்களின் கூட்டுக்கே விதிக்கப்பட்டது; அதனை அண்மித்தபின் பயிற்சி பெரிதும் மந்தமாகின்றது. எனவே வேண்டாத இடத்து நேர்ந்த வளர்ச்சி வேண்டிய இடத்து வளர்ச்சிக்கான இடத்தை உண்டுவிடலாம். ஒருவன் ஒன்றைக் கற்றதனால் இன்னொன்றைக் கற்க இயலாதவனாகின்றான்! தமிழ் மரபில் ஊழின் வலிமையைப் பேசிய குறளே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதற்கு அங்கு இடமிருந்தது. இங்கோ ஊழ் ஏட்டில் எழுதப்பட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கையளிக்கப்படுகின்றது. முன்னறியப்பட்டு விலைபேசப்படும் ஊழை ஊழ் என்பதைவிடச் சரக்கின் தரமுத்திரை என்பதே பொருத்தம்.

உண்மையான கூடைப்பந்தாட்ட வரலாறு இவ்விதிகளை எள்ளிநகையாடுவது போல அமைந்துள்ளது. சிக்காகோவில் பள்ளி மாணவனாக இருந்த அந்தனி டேவிஸ் ஏறத்தாழ 6 அடி 2 அங்குல உயரமுடைய ‘கார்ட்’. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் நிலையில் ஆடியவர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் அவர் அரை அடிக்கு மேல் வளர்ந்தார். குட்டையனாகக் கற்றவை நெட்டையனின் உடலில் எஞ்சின. 2012இல் கென்ரக்கிப் பல்கலைக்கழகம் தேசிய வாகை சூட அவர் துணைநின்றதும், அதே ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் கழகம் அவரை முதலாவதாகத் தெரிவுசெய்ததும் இந்த விபத்தின் பின்விளைவுகள். டெனிஸ் றொட்மன் பள்ளிப்பருவம் கடந்த பின்னரே நெடிது வளர்ந்தவர். டலஸ் விமான நிலையத்தில் இரவுநேரத் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். 1986இல் டிற்றொயிற் கழகம் அவரை 27ஆம் இடத்திலேயே தெரிந்தது. பின்னர், 1991–92 முதல் 1997–98 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள், மீள்பந்து கைப்பற்றும் விகிதத்தில் அவரே முதலிடம் பெற்றார். ‘பஸர்பீற்றர்’ உலகில் வீரனின் உயரம் ஒருபோதும் மாறுவதில்லை. ஆதலின் அங்கு டேவிசும் றொட்மனும் தோன்ற வழியில்லை. அவ்வுலகில் திறன் எதிர்பாராது கூடலாம். ஆனால் ஒருவன் எத்தகைய ஆட்டக்காரன் என்பது எதிர்பாராது மாற முடியாது. ஆக்கத்தின் குறையென்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் இதனையே சுட்டவேண்டும். எதிர்பாராமைக்கு இடமளித்தும் அதன் பயனுக்கு அது இடமளிக்கவில்லை.

எனினும் ஊதியம் பற்றிய பகுதியை வெறும் கற்பனையென்று தள்ளுதல் இயலாது. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 1985–86 பருவத்திலிருந்து மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரருக்கெனத் தனியொரு விருதை வழங்கிவருகின்றது. அதே சங்கத்தில், முதற்சுற்றில் தெரிவாகும் புதுவீரரின் ஊதியம் 1995இலிருந்து அவர் தெரிவான இடத்தின்படி வரையறுக்கப்படுகின்றது. கிரேக்க நாட்டவரான யானிஸ் அன்ரெரொகூன்ப்போ 2013இல் 15ஆம் இடத்தில் மில்வோக்கிக் கழகத்தாற் தெரியப்பட்டார். அதன் பின்னரும் உயரத்தில் வளர்ந்தார். 2016–17 பருவத்தில் அவ்விருதைப் பெற்றார். அப்பருவம் முழுவதும் அவருக்குக் கிடைத்தது, அவர் என்ன ஆவார் என்று எவரும் அறியாதிருந்த 2013இன் ஊதிய அளவுகோலே. 2016இன் இலையுதிர் காலத்தில் ஒப்பமிடப்பட்ட பெரிய ஒப்பந்தம் அடுத்த பருவத்திலேயே நடைமுறைக்கு வந்தது. வேறுபாடு யாதெனில், யானிஸ் ஒப்பந்த மேசையின் மறுபுறம் அமர்ந்து பேச முடிந்தது. இணைய விளையாட்டின் வீரனுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அவன் பெயர் விற்பனைப் பட்டியலில், புதிதாக உயர்ந்த திறனோடும் பழைய ஊதியத்தோடும், நல்ல சரக்கென இடப்பட்டிருக்கும்.