தோற்றவரெல்லாம் கோழைகளா?

2023 ஏப்ரல் 26 இரவு, மில்வாக்கி பக்ஸ் அணி பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே மயாமி ஹீட்டிடம் தோற்று வெளியேறியது. அந்தப் பருவத்தில் 58 வெற்றிகளோடு என்.பி.ஏ.வில் முதலிடத்தில் நின்ற அணி அது. இந்தப் பருவத்தைத் தோல்வி என்று கருதுகிறீர்களா என்று செய்தியாளர் ஒருவர் அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் யானிஸ் அன்டெட்டோகும்போவிடம் கேட்டார். மைக்கேல் ஜோர்டன் 15 ஆண்டுகள் ஆடி ஆறு கோப்பைகள் வென்றாரே, மற்ற ஒன்பது ஆண்டுகளும் தோல்வியா என்று யானிஸ் திருப்பிக் கேட்டார். அந்தப் பதில் உலகெங்கும் பரவியது. விளையாட்டில் தோல்வி என்றால் என்ன என்று ஆளாளுக்கு வாதிட்டார்கள்.

கேள்வியில் பிழையில்லை. ஆனால் அந்த வாதத்தின் இரைச்சலில் ஆட்டமே காணாமல் போனது. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பக்ஸ் 16 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. யானிஸ் 38 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 23 ஃப்ரீ த்ரோக்களில் 13-ஐத் தவறவிட்டார். முந்தைய ஆட்டத்தில் 56 புள்ளிகள் குவித்திருந்த ஹீட்டின் ஜிம்மி பட்லர் இதில் 42 எடுத்தார். அரை நொடி மிச்சமிருக்கையில் ஆட்டத்தைச் சமன் செய்தவரும் அவர்தான். பக்ஸ் பயிற்சியாளர் மைக் பியூடன்ஹோல்சர், கையில் டைம்-அவுட் இருந்தும் முக்கியமான கட்டத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. கூடுதல் நேரத்தில் 128-126 என்று ஹீட் வென்றது. அடுத்த சில நாட்களில் பயிற்சியாளரின் வேலை போயிற்று. ஒரு பருவம் எப்படிக் கைநழுவியது என்பதற்கான விடை இந்த விவரங்களில் இருக்கிறது. ஒரு சொல்லைப் பற்றிய தர்க்கத்தில் இல்லை.

கூடைப்பந்து எழுத்தின் மிகப் பழைய சோம்பல் இதுதான்: முடிவை முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஆட்டக்காரரின் குணத்தை எழுதுவது. வென்றவருக்கு நெஞ்சுரம் இருந்தது, தோற்றவருக்கு இல்லை. இப்படி எழுத ஆட்டத்தை இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை.

டிர்க் நோவிட்ஸ்கி இதற்குப் பலியானவர்களில் ஒருவர். 2006 இறுதிப் போட்டியில் அவருடைய டல்லாஸ் மாவரிக்ஸ் 2-0 என்று முன்னிலை பெற்று, அடுத்த நான்கு ஆட்டங்களையும் மயாமியிடம் இழந்தது. மறு ஆண்டு 67 ஆட்டங்களை வென்ற அணி, எட்டாம் இடத்திலிருந்து வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. நோவிட்ஸ்கி நெருக்கடியில் நடுங்குபவர் என்று முத்திரை குத்தப்பட்டது. வாரியர்ஸின் பயிற்சியாளர் யார்? டான் நெல்சன். நோவிட்ஸ்கியை டல்லாஸில் ஆண்டுக்கணக்காக வளர்த்தெடுத்தவர். அவருக்கு எந்த இடத்தில் பந்து கிடைக்க வேண்டும், எந்த இடத்தில் கிடைத்தால் தடுமாறுவார் என்பதை அறிந்தவர். உயரம் குறைந்த, சுறுசுறுப்பான ஸ்டீபன் ஜாக்சன் போன்றவர்களை அவர்மேல் ஏவி, பந்து வருமுன்பே வழியை அடைத்தார். வியூகத்தில் கிடைத்த தோல்வி, மனத்திடக் குறைவாக எழுதப்பட்டது. 2011 இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில் அதே நோவிட்ஸ்கி காய்ச்சலோடு ஆடி 21 புள்ளிகள் எடுத்தார், கோப்பையையும் வென்றார். உடனே அவர் எஃகு மனிதர் ஆனார். இரண்டு சித்திரங்களையும் தீட்டியது ஒரே பத்திரிகை உலகம்தான்.

அந்த இறுதிப் போட்டியில் எதிரணியான மயாமி ஹீட்டில் இருந்தவர் லெப்ரான் ஜேம்ஸ். நான்காவது ஆட்டத்தில் எட்டே புள்ளிகள். தொடர் முழுவதற்கும் சராசரி 17.8. அவர்மீது விழுந்த விமர்சனம் நியாயமானதே. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கடைசிக் கால்பகுதிகளில் ஒதுங்கி நின்றதைச் சுட்டிக்காட்டாத எழுத்து, எழுத்தே ஆகாது. குணச்சித்திர எழுத்தின் பலமும் இங்கேதான்: பார்வையாளர் கண்ணால் கண்ட ஒரு தயக்கத்துக்கு அது பெயர் வைக்கிறது. எண்ணிக்கை அட்டவணையால் அதைச் செய்ய முடியாது.

ஆனால் பெயர் வைத்ததோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். டல்லாஸ் ஸோன் தடுப்பை அமைத்து லெப்ரான் உள்ளே பாயும் வழிகளை மூடியிருந்தது. கூடைக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் வித்தை அன்று அவரிடம் போதிய அளவு இல்லை. அந்தக் கோடையில் அவர் தேடிப் போனது அந்த வித்தையில் கரைகண்ட ஹக்கீம் ஒலாஜுவானை. 2012 இறுதிப் போட்டியில் சராசரியாக 28.6 புள்ளிகள், கோப்பை, இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது. தைரியம் வந்துவிட்டது என்று எழுதுவது சுலபம். என்ன கற்றுக்கொண்டார் என்று எழுத உழைக்க வேண்டும்.

2013-இல் இந்த வகை எழுத்தின் அஸ்திவாரமே ஆடியது. சான் அந்தோனியோவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடிகள். லெப்ரானின் மூன்று புள்ளி வீச்சு தவறியது. கிறிஸ் போஷ் பந்தைப் பிடித்து மூலையிலிருந்த ரே ஆலனுக்கு அனுப்பினார். 5.2 நொடிகள் மிச்சமிருக்கையில் ஆலனின் வீச்சு ஆட்டத்தைச் சமன் செய்தது. ஹீட் அதையும் ஏழாவது ஆட்டத்தையும் வென்றது. ஆலன் குறி தவறியிருந்தால் மறுநாள் லெப்ரானின் குணத்தைப் பற்றி எழுதப்பட்டிருக்கக்கூடியது வேறு. பந்து லெப்ரானின் கையை விட்டுப் போனதற்கும் ஆலனின் வீச்சுக்கும் இடையே நடந்தது எதிலும் அவருக்குப் பங்கில்லை. அந்த நேரத்தில் சான் அந்தோனியோ பயிற்சியாளர் போப்போவிச், டிம் டங்கனை வெளியே அமர்த்தியிருந்தார் என்பது ஆய்ந்து பார்க்க வேண்டிய முடிவு.

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்கு 2009-இலேயே சான்று இருந்தது. நியூயார்க் டைம்ஸ் வார இதழில் மைக்கேல் லூயிஸ், ஹூஸ்டனின் ஷேன் பேட்டியரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பேட்டியரின் புள்ளிகளும் ரீபவுண்டுகளும் சாதாரணம். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது சக வீரர்கள் மேலும் நன்றாக ஆடினார்கள், எதிரணியினர் மேலும் மோசமாக ஆடினார்கள். கோபி பிரயன்ட்டை எந்த இடத்திலிருந்து எறிய விட வேண்டும் என்று அவர் ஆட்டத்துக்கு முன் படித்துவிட்டு வந்ததை லூயிஸ் விவரித்தார். அதில் எண்ணும் இருந்தது, மனிதரும் இருந்தார்.

எண்களைச் சொன்னாலே உழைப்பாகிவிடாது. 2017-இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் ஒரு பருவம் முழுக்க சராசரி 'டிரிபிள்-டபுள்' எடுத்தபோது, புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கமான 31.6, 10.7, 10.4 என்ற மூன்று எண்களே பலருக்கு வாதமாகிவிட்டன. உயரமான சக வீரர்கள் எதிரியை மறித்து நின்று ரீபவுண்டுகளை அவருக்கு விட்டுக்கொடுத்ததையும், அதனால் அணியின் வேகத் தாக்குதல் எவ்வளவு வளர்ந்தது என்பதையும் சேர்த்து எடைபோட்டவர்கள் குறைவு.

நள்ளிரவு நெருங்கும்போது ஆட்டம் முடிகிறது. சில நிமிடங்களில் செய்தி போயாக வேண்டும். இந்த நெருக்கடியில் எழுதுபவரைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. ஆனால் சிறந்த வீரர் விருதுக்கும் ஆண்டின் தேர்வணிக்கும் வாக்களிப்பவர்கள் ஊடகத்தினர். அதற்கு அவர்களுக்கு ஒரு பருவமே அவகாசம் உண்டு. 2021-இல் சராசரி 26.4 புள்ளிகள் எடுத்த பாஸ்டனின் ஜேசன் டேட்டம் தேர்வணியில் இடம்பெறவில்லை. அதனால் அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தம் சுமார் 3.2 கோடி டாலர் குறைந்தது. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை லீக் வெளியிடுகிறது. அந்த வாக்குக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இன்னும் இல்லை.