மாயையும் புகையும்: பிரசங்கி நூலின் ஒரு சொல் தமிழில் பெற்ற பொருள்

பழைய ஏற்பாட்டின் ஞான நூல்களுள் பிரசங்கி தனித்து நிற்பது. அறிஞனும் மூடனும், மனிதனும் விலங்கும் ஒரே முடிவை எய்துவர். இதனை உணர்ந்தவன் எங்ஙனம் வாழ்வது என்பதே அந்நூல் எழுப்பும் வினா. அதற்கு அது தரும் விடை துறவு அன்று. உண்டு, பருகி, உழைப்பின் பயனில் மகிழுமாறு கூறும் பகுதிகள் அந்நூலில் ஏழு உள்ளன (2:24, 3:12, 3:22, 5:18, 8:15, 9:7, 11:9). ஆயினும் தமிழில் படிப்பவருக்கு இஃது உலகைப் பொய்யென ஒதுக்கும் நூலாகத் தோன்ற இடமுண்டு. அத்தோற்றத்திற்கு ஒரு சொல்லின் பெயர்ப்பே பெரிதும் காரணமாகிறது.

மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் ‘ஹெபெல்’. மூச்சு, நீராவி என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். இந்நூலில் மட்டும் அது 38 முறை வருகிறது. ஆதியாகமத்தில் இளமையிலேயே கொலையுண்ட ஆபேலின் பெயரும் இதே சொல்தான். தமிழில் அது வெறும் பெயராக நிற்பதால் அந்த நயம் மறைந்துவிடுகிறது. எரேமியா நூலில் இச்சொல் விக்கிரகங்களைச் சுட்டுகிறது. ஆங்குப் பொய்ம்மை என்னும் பொருள் பொருந்தும். எல்லா இடத்திலும் அதுவே பொருள் என்று கொள்வதற்கில்லை.

கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இதனைப் பயனின்மை குறிக்கும் சொல்லால் வழங்கியது. ஜெரோம் தம் இலத்தீன் பெயர்ப்பில் வெறுமை குறிக்கும் சொல்லை ஆண்டார். கண்ணுக்குப் புலனாகிக் கலையும் ஒரு பொருளின் பெயர் இவ்வாறு மதிப்பீட்டுச் சொல்லாயிற்று. அக்குவிலா என்னும் பழைய கிரேக்கப் பெயர்ப்பாளர் ‘ஆவி’ என நேர்படப் பெயர்த்திருந்தார் என்பதை ஜெரோமே தம் உரையில் குறித்துள்ளார். அறிந்தும் அவர் அவ்வழி செல்லாதது வியப்பே.

1871இல் முழுமை பெற்ற ஐக்கியத் திருப்புதலின் வழிவந்த பழைய திருப்புதல் ‘மாயை’ என்னும் சொல்லை ஆள்கிறது. இது வெற்றிடத்தில் வந்து அமர்ந்த சொல் அன்று. அத்வைதத்தில் அது மெய்போல் தோன்றும் தோற்றத்தைக் குறிக்கும். சைவ சித்தாந்தத்திலோ உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள். இரண்டுமே எபிரேய நூலாசிரியர் கருதாதவை. அவர் உலகு உண்டா இல்லையா என்று ஐயுறவில்லை. எத்துணைக் காலம் என்றே வினவினார். கால அளவு பற்றிய சொல், உண்மை பற்றிய சொல்லாக மாறிவிட்டது. இளமை ‘ஹெபெல்’ என்னும் 11:10இல் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இளமை விரைந்து கலைவதாயின் மகிழ்க என்னும் முன் அடியின் ஏவல் பொருத்தமுடையது. இளமை பொய்த்தோற்றமாயின் அவ்வேவல் ஏளனமாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளரும் இவ்விடரை உணர்ந்தனர் போலும். மனைவியோடு மகிழ்ந்து வாழச் சொல்லும் 9:9இல் மூலச்சொல் இருமுறை வருகிறது. பழைய திருப்புதல் ஓரிடத்தில் ‘மாயையான’ என்றும், மற்றோரிடத்தில் ‘நிலையில்லாத’ என்றும் பெயர்க்கிறது. ஒரே தொடருள் சரியான பொருள் ஒருமுறை தலைகாட்டி மறைகிறது!

1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘வீண்’ என்கிறது. மெய்யியல் சுமை நீங்கியது நன்றே. ‘மனச்சஞ்சலம்’ எனப் பழைய திருப்புதல் கொண்ட தொடரைக் காற்றைப் பிடிக்க முயலும் உருவகமாக அது மீட்டமையும் பாராட்டத்தக்கது. எனினும் ‘வீண்’ என்பது முயற்சியின் பயன் பற்றிய சொல். உழைப்பைப் பேசுமிடத்து அது பொருந்தும். இளமையைப் பேசுமிடத்துப் பொருந்தாது.

‘நிலையாமை’ என்னும் மரபுச்சொல் இருக்க வேறு சொல் எதற்கு என வினவலாம். திருக்குறளில் நிலையாமை (34) துறவறவியலில் அமைந்து, அடுத்த அதிகாரமாகிய துறவுக்கு வாயிலாகிறது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என மூன்றன் நிலையாமையையும் முதலில் வைப்பதும் அந்நோக்கினதே. பிரசங்கியோ அதே முற்கோளிலிருந்து வெண்ணிற ஆடைக்கும் தலைக்கு எண்ணெய்க்கும் வருகிறார் (9:8). தமிழ்ச்சொல் பொருளால் மிக நெருங்கியது. அது படிப்பவரை இட்டுச்செல்லும் திசைதான் வேறு. மேலும் அது பண்புப்பெயர். மூலமோ பருப்பொருளின் பெயர்.

நீராவி, மூச்சு, உயிர் மூன்றையும் ஒருங்கே குறிக்கும் ‘ஆவி’ தமிழில் உண்டு. மூலத்திற்கு இதனினும் ஒத்த சொல் கிடைத்தல் அரிது. ஆனால் விவிலியத் தமிழில் அது ‘ரூவாஹ்’ என்னும் வேறொரு எபிரேயச் சொல்லுக்கு உரியதாகிவிட்டது. இரண்டும் இந்நூலில் அடுத்தடுத்து வருவதால் மயக்கம் விளையும். எஞ்சுவது ‘புகை’. யாக்கோபு நிருபம் 4:14இல் மனித வாழ்வை நீராவிக்கு ஒப்பிடுமிடத்துப் பழைய திருப்புதல் அச்சொல்லையே ஆண்டுள்ளது. ஆங்குள்ள கிரேக்கச் சொல் அக்குவிலா பயன்படுத்திய அதே சொல். நல்லோர்க்குத் தீயோரின் பலன் கிடைக்கும் முரணைப் பேசும் 8:14இல் ‘புகை’ சற்று நெருடும். கைக்கு அகப்படாதது என்னும் பொருள் அவ்விடத்தும் கிட்டும். அடுத்த வசனம் உடனே மகிழ்ச்சியைப் புகழத் தொடங்குகிறது.